விரிசல் விட்ட எட்டு

மாதம் ஒருமுறை சீட்டுக் கட்ட
சேலத்துக்கு இறங்குவேன்.
திரும்பும்போது செவ்வாய்ப்பேட்டையில்
ஒரு அட்டை முட்டை.
மேலே நாகலூர்க் கடையில்
ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் கூட வைக்கிறான்.
கேட்டால், ‘மலை ஏறி வருதுல்லக்கா’ என்பான்.
நானும்தான் ஏறி வருகிறேன்.

இருபது கொண்டை ஊசி.
முப்பது முட்டை.
மடியில் அட்டை, அட்டைமேல் துண்டு,
துண்டின்மேல் என் இரண்டு கை.
பஸ்ஸை இடுப்பால் ஓட்டவேண்டும்:
டிரைவர் இடப்பக்கம் ஒடித்தால்
நான் இடப்பக்கம் சாய்ந்து,
வலப்பக்கம் ஒடித்தால் வலப்பக்கம்.
எட்டு வருஷப் பழக்கம்.
மிஞ்சிப்போனால் ஒன்று உடையும்.

நேற்று எட்டு.

‘பிரேக் போட்டுட்டான்’ என்றேன்.
சேசுராஜ் அட்டையை லைட்டுக்கு நேரே
தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.
எஸ்டேட்டில் மிளகு மூட்டைக்குள் கைவிட்டு
ஈரம் பார்ப்பாரே, அதே முகம்.
‘எட்டாறு நாப்பத்தெட்டு.’
வேறொன்றும் சொல்லவில்லை.

விடிந்தும் விடியாத காலை.
பாட்டிலில் தேங்காயெண்ணெய் கட்டிவிட்டது.
ஜன்னலில் மேகம் வந்து முட்டிக்கொண்டிருக்கிறது.
விரிசல் விட்டதை வைத்திருக்கக் கூடாது,
முதலில் அதுதான் கல்லுக்கு.
ஒன்று அட்டையோடு ஒட்டிக்கொண்டு
காகிதத்தோடு பிய்ந்தது. அது நாய்க்கு.
மற்றதை ஒவ்வொன்றாய்க்
கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து,
ஓடு பொறுக்கி.

ஆல்வினுக்கு மஞ்சள்கரு உடையக் கூடாது.
சூரியன் மாதிரி வேண்டுமாம்.
நாலு நாளாய் இந்த ஊரில்
சூரியனையே யாரும் பார்க்கவில்லை,
நான் எங்கே போவேன்.
முதலாவது ஊற்றும்போதே கலங்கியது.
இரண்டாவது, தோசைத்திருப்பி பட்டு.
மூன்றாவது ஒழுங்காய் விழுந்து,
கொஞ்ச நேரம் யோசித்து,
பிறகு ஓரமாய்க் கசிந்தது.
‘இது சூரியன் இல்லம்மா, மேப்பு’ என்றான்.
மூன்றையும் தின்றான்.

சேசுராஜுக்கு மூன்று, திருப்பிப் போட்டு.
பின்கட்டு சில்வர் ஓக்கில் ஏறிய கொடியின் மிளகு,
டம்ளர் அடியால் நசுக்கியது.
கடலெண்ணெயில் விளிம்பு சுருண்டு
சடசடக்கும்போது
கை தானாய் நினைத்துக்கொண்டது

பதினோராவது வளைவை.
ஜன்னலோரம் ஒரு பெண், காலேஜ் வயசு.
முதலில் போன் பேச்சு நின்றது.
பிறகு உதடு வெளுத்தது.
பிறகு கம்பிக்கு வெளியே தலை,
எதிரே இறங்குகிற லாரி.
நெற்றியைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.
இழுத்த கையை அங்கேயே வைத்திருந்தேன்.
தொப்பலாய் நனைந்த நெற்றி, அனல்.
பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு,
துண்டுக்குக் கீழே டிக் என்று ஒரு சத்தம்.
மறுபடி டிக்.
எனக்கு மட்டும்தான் கேட்டது.
பதினேழில், கையை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன்.
எடுக்கவில்லை.
நல்ல மனசென்று சொல்லிக்கொள்ள முடியாது,
அவள் முடி என் வளையலில் சிக்கியிருந்தது.

ஏரி ஸ்டாப்பில் இறங்கிப் போனாள்.
திரும்பிப் பார்க்கவில்லை.
வாந்தி எடுத்தவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை.

வீட்டில் சொன்னால் திட்டமாட்டார்.
‘ஒரு கவர் வாங்கிக் குடுத்திருக்கலாமே’ என்பார்.
அது சரியாகவும் இருக்கும்.
அதனால்தான் சொல்லவில்லை.

அவர் போயாயிற்று.
பையன் கட்டிலுக்கடியில் ஷூ தேடுகிறான்.
மிச்சம் ஒன்று.
அட்டையிலேயே மோசமான விரிசல்,
உச்சியிலிருந்து அடிவரை.
கல்லில் சரிந்து இறங்கியது,
மஞ்சள்கரு முழுசாய்.
கல்லை ஆட்டிப் பார்த்தேன்.
ஆடியது. உடையவில்லை.

‘அம்மா, இன்னும் இருக்கா?’
‘இல்லடா.’

நின்றபடியே,
மிளகு கொஞ்சம் கூடத் தூவி,
கையாலேயே எடுத்துத் தின்றேன்.
விரலிடுக்கில் ஒழுகி
வளையல்வரை வந்ததையும் விடவில்லை.